முப்பத்தொன்றில் நின்ற மழை

இணைப்பைக் கழற்றி வைத்துவிட்டு வோல்ட் அளக்கிறவனைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் கை பரபரக்கும். அவன் மீட்டரைப் பறித்து ஜன்னல் வழியாக வீச வேண்டும் போலிருக்கும். வீசியதில்லை. அப்படி அளந்து, "எல்லாம் சரி" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டவன் நான்.

புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கிற தம்பிமாரே, தங்கச்சிமாரே, பதுளையில் ஒரு கம்பியூட்டர் கடையில் பதினைந்து வருடம் வேலை பார்த்துவிட்டு மீட்டரைக் கீழே வைத்தவன் பேசுகிறேன். வயது போய் வைக்கவில்லை. பொறுமை போய் வைத்தேன். ஊவா மலைத் தேயிலைத் தோட்டங்களில் நான் ஏறாத ஆபீஸ் படி குறைவு. பிரின்டருக்குள் கரப்பான் குடும்பம் நடத்தியதைப் பார்த்திருக்கிறேன். இடி விழுந்து கருகிய மோடத்துக்கு விபூதி பூசி வைத்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். அவற்றையெல்லாம் சிரித்துக்கொண்டு சொல்லலாம். இதை அப்படிச் சொல்ல முடியாது.

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள். பூனாகலைக்கும் கொஸ்லந்தைக்கும் நடுவே ஒரு தோட்டம். பெயர் வேண்டாம், சொன்னால் அந்த ஒரு தோட்டத்தின் குற்றமாகச் சுருங்கிவிடும். அங்கே தொழிலாளர்களின் வரிசை வீடான கீழ் லயத்துக்குப் பின்னால் நின்ற மேட்டில் ஒரு வெடிப்பு விட்டிருந்தது. முதல் வருடம் அதற்குள் விரலை விடலாம். அடுத்த வருடம் கையை விடலாம். அந்த வெடிப்புக்குக் கீழே இருபத்திரண்டு குடும்பங்கள் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தன.

வெளியிலிருந்து வந்த பொறியியலாளர்கள் மலையுச்சியில் ஒரு மழைமானியை நட்டுவிட்டுப் போனார்கள். அதற்குள் ஊஞ்சல் மாதிரி ஒரு சின்ன வாளி. அரை மில்லிமீற்றர் மழைக்கு ஒருமுறை கவிழும். கவிழும்போது ஒரு சுவிட்ச் கண்ணிமைக்கிற நேரத்துக்கு மூடித் திறக்கும். அதிலிருந்து இரண்டு வயர்கள் தேயிலைச் செடிகளுக்கு அடியால் ஊர்ந்து வந்து ஆபீஸ் கம்பியூட்டரின் பின்புறம், ஒன்பது ஊசிகள் உள்ள சீரியல் போர்ட்டில் முடியும்.

அந்தப் போர்ட்டில் ஓர் ஊசி "நான் தயார்" என்று எந்நேரமும் பிளஸ் வோல்ட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும். அந்த வோல்ட் ஒரு வயரில் மலையேறும். வாளி கவிழ்ந்தால் மற்ற வயரில் இறங்கி வந்து இன்னோர் ஊசியைத் தட்டும். ஒவ்வொரு தட்டையும் கம்பியூட்டர் எண்ணும். அவ்வளவுதான் சங்கதி. பிளஸ் மூன்றுக்கு மேலே வந்தால் "ஆம்". மைனஸ் மூன்றுக்குக் கீழே போனால் "இல்லை". நடுவில் கிடப்பது யாருக்கும் சொந்தமில்லாத நிலம். அங்கே விழும் வோல்ட்டுக்கு அர்த்தம் கிடையாது என்று புத்தகம் சொல்லும். கம்பியூட்டர் சொல்லாது. "எனக்குத் தெரியவில்லை" என்று சொல்ல அதற்கு வாயில்லை. காதில் சரியாக விழாததையெல்லாம் "இல்லை" என்றே எடுத்துக்கொள்ளும். கம்பியூட்டர் மட்டுமா?

ஆபீஸ் சுவரில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. காலை ஆறு மணியிலிருந்து நூறு மில்லிமீற்றர் தாண்டினால் கீழ் லயத்து ஆட்கள் மேலே இருக்கும் பழைய பள்ளிக்கூடக் கட்டடத்துக்குப் போகலாம். அன்றைக்கு அவர்களுக்குப் பேர் விழும். பேர் என்பது ஒரு நாள் வேலைக்கான பதிவு. பேர் இல்லாத நாள், வேலை செய்யாத நாள். பள்ளிக்கூடச் சாவி ஆபீஸ் சுவரில் அந்தக் காகிதத்துக்குப் பக்கத்து ஆணியில் தொங்கியது.

வயர் போட்ட அன்று, காலையில் ஆட்களை நிறுத்தி வேலை பிரிக்கிற பெரட்டில், சின்னத்துரை ஓர் அறிவிப்புச் செய்தார். சின்னத்துரை என்றால் தோட்டத்தின் உதவி நிர்வாகி. தோட்டத் தமிழைத் தண்ணீர் பட்ட பாடாகப் பேசுவார். "இந்த வயருல எவன் கத்தி பட்டாலும் அந்த வாரம் பூரா அவனுக்குப் பேரு கெடையாது." இந்த வாக்கியத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தேவைப்படும்.

ஒரு வருடம் நன்றாகவே ஓடியது. பிறகு ஆபீஸுக்குப் புதிய கம்பியூட்டர் வந்தது. கொண்டுபோய் வைத்தது நான்தான். பழைய பெட்டியின் ஊசியில் பதினொரு வோல்ட் நின்றிருந்தது. புதியதில் ஆறு கூட இல்லை. அது எனக்குத் தெரியாது, நான் அளக்கவில்லை. திரையில் எண் ஓடியது, தேத்தண்ணீர் கொடுத்தார்கள், குடித்துவிட்டு பஸ் ஏறினேன்.

கார்த்திகையில் அந்தத் தோட்டத்து ஆபீஸின் பெரிய கிளாக்கர் போன் எடுத்தார். யாழ்ப்பாணத்துக்காரர். இருபது வருடமாக அதே மேசை, அதே கதிரை, அதே குடை.

"தம்பி, மழை பெய்யிற அளவுக்கு இஞ்சை எண் ஏறுதில்லை. ஒருக்கா வந்து பாரும்."

போனேன். அன்று பளீரென்று வெயில். கனெக்டரைக் கழற்றினேன். மேலே ஓர் ஆளை அனுப்பி, வாளியை நடுவாகப் பிடித்துச் சுவிட்சை மூடியே வைத்திருக்கச் சொன்னேன். கீழே வந்து சேர்ந்த வயரில் மீட்டரை வைத்தேன். ஐந்து புள்ளி எட்டு. மூன்றுக்கு மேலே, தாராளமாக மேலே. எங்கள் கடை முதலாளிக்கு ஒரு மந்திரம் உண்டு. "மீட்டர் காட்டுறத எழுது. மனசுல தோணுறத எழுதாத." எழுதினேன். "பரிசோதித்தேன். சரியாக உள்ளது." கீழே என் கையெழுத்து, வாலை நீட்டிச் சுழித்து.

நான் செய்த தவறு உங்களுக்கு இந்நேரம் புரிந்திருக்க வேண்டும். புரியாவிட்டால் சொல்கிறேன். மீட்டர் எதையும் குடிப்பதில்லை. அது எட்டிப் பார்க்கும், அவ்வளவே. கம்பியூட்டரின் ஊசி குடிக்கும். வழியில் ஒரு மூட்டுப் பழுதாகி, சொட்டுச் சொட்டாகத்தான் மின்சாரம் வருகிறதென்றால், எட்டிப் பார்க்கிறவனுக்குப் பானை நிறைந்திருக்கும். குடிக்கிறவனுக்குத்தான் வற்றியது தெரியும். குடிக்கிறவனைக் கழற்றி வைத்துவிட்டு நான் அளந்தேன்.

எட்டு நாள் கழித்து, காலை ஒன்பது மணிக்கு முன்னால், மறுபடி போன். கிளாக்கரின் குரல் தாழ்ந்திருந்தது. பக்கத்தில் யாரோ நிற்கிறார்கள் என்று பட்டது.

"தம்பி, மழை விடுதில்லை. உம்மட எண் முப்பத்தொண்டிலை நிக்குது. சனம் வாசலிலை நிக்குது. கெதியா வாரும்."

பண்டாரவளை வரை ஒரு பஸ், அங்கிருந்து இன்னொன்று, பிறகு கால். வழியெல்லாம் ரோட்டோரத்து மண் சிவப்புச் சிவப்பாகக் கரைந்து ஓடியது. ஆபீஸை அடைய மதியமாகிவிட்டது.

வாசலில் கீழ் லயத்து ஆட்கள் நாற்பது ஐம்பது பேர், தலையில் மழைக்கு மடித்துப் போட்ட உரப்பைக் கொங்காணியோடு. முன்னால் ஒரு பெண். பாக்கியம் என்று பேர், லயத்தின் கடைசி அறை, கடைசிக் காம்பரா, அவளுடையது. வெடிப்புக்கு நேர்கீழே இருப்பது அவள் அடுப்புதான். கையில் ஒரு பால்மா டின்னை இரண்டு உள்ளங்கையாலும் ஏந்திக்கொண்டிருந்தாள், பூசைக்குக் கொண்டுவந்ததைப் போல.

உள்ளே சின்னத்துரை ஒரு காகிதத்தை ஆட்டிக்கொண்டிருந்தார். தூரத்திலேயே அந்தச் சுழித்த வால் தெரிந்தது. என் கையெழுத்து.

"இந்தா, பதுள ஆளே வந்துட்டாரு. கேளுங்க அவருகிட்டயே. மிசின் சரின்னு எழுதிக் குடுத்தவரு இவருதான். முப்பத்தொண்ணுன்னா முப்பத்தொண்ணு. நூறு ஆகாம சாவி குடுக்க ஏலாது."

"சின்னதொரைங்க," என்றாள் பாக்கியம், "ஒங்க பொட்டிக்கு முப்பத்தொண்ணு. எங் காம்பராவுல மொழங்கால் மட்டும் தண்ணி. ரெண்டுல எது பொய்யுங்க?"

"நீ கொஞ்சம் வாய மூடு."

"மூடுனா தண்ணி உள்ள போகாதுன்னா மூடிக்கிறேங்க."

பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். சின்னத்துரையின் காது சிவந்தது.

நான் கம்பியூட்டருக்குப் பின்னால் குந்தினேன். இந்த முறை கனெக்டரைக் கழற்றவில்லை. அதன் மூடியை மட்டும் திறந்து, ஊசி குடித்துக்கொண்டிருக்கும்போதே, மீட்டரை உச்ச அளவைப் பிடிக்கும்படி வைத்து, ஒவ்வோர் அளவையும் அழித்து அழித்துத் தொட்டேன். பூச்சியம். பிறகு ஒரு துடிப்பு: புள்ளி ஒன்பது. பூச்சியம். புள்ளி ஒன்பது. மலையுச்சியில் வாளி கவிழ்ந்துகொண்டேதான் இருந்தது, மூச்சு வாங்காமல். ஒவ்வொரு கவிழ்ப்புக்கும் ஒரு வோல்ட்டுக்கும் குறைவான ஒரு தட்டு வந்து கதவில் விழுந்துகொண்டிருந்தது. உள்ளே இருந்தவன் திறக்கவில்லை. திரையில் முப்பத்தொன்று, கல்வெட்டு மாதிரி.

எனக்கு வந்த கோபத்தை எப்படிச் சொல்வது? முதலில் அது சின்னத்துரை மேல்தான் வந்தது, சுலபமாக இருந்ததால். அப்புறம் அந்தக் காகிதத்தைப் பார்த்தேன்.

"மிசின் பழுது சேர்," என்றேன். "வயருல எங்கயோ ஈரம் ஏறியிருக்கு. மழை அங்க எண்ணுது, இங்க கேக்கல."

"அப்ப எவ்வளவு மழை?"

"தெரியாது."

"தெரியாதா? முப்பத்தொண்ணாவது நிச்சயமா இருக்குல்ல. இருக்கிற நம்பர வச்சுத்தானே நான் வேல செய்ய முடியும்?"

என் பையில் ஒன்பது வோல்ட் பேட்டரி ஒன்று இருந்தது. "தயார்" ஊசிக்குப் பதிலாக அதை அந்த வயரில் கோத்தால் தட்டு பலமாகும். பத்து நிமிட வேலை. கையில் எடுத்தும்விட்டேன். அதைக் கண்டதும் சின்னத்துரையின் முகம் மலர்ந்தது.

"ஆ, அப்பிடிச் சொல்லுங்க. ஓட வைங்க. ஓடினா பாப்போம்."

தம்பிமாரே, தங்கச்சிமாரே, இங்கேதான் கொஞ்சம் நிற்க வேண்டும். பழுதுபார்க்கிறவனுக்குப் பழுதுபார்ப்பதில் ஒரு போதை இருக்கிறது. நின்றது ஓடினால் போதும், எல்லோரும் கைதட்டுவார்கள். ஆனால் அந்த எண் எங்கேயிருந்து ஓடும்? முப்பத்தொன்றிலிருந்து. முப்பத்தொன்றரை, முப்பத்திரண்டு என்று, ஒன்றுமே நடக்காததுபோல. காலை முழுக்கப் பெய்து காணாமல் போன மழையை எந்தப் பேட்டரியும் திருப்பிக் கொண்டுவராது. ஓடுகிற பொய், நிற்கிற பொய்யைவிட மோசம். அதை எல்லோரும் நம்புவார்கள். நூறு ஆகட்டும் என்று பொழுது சாயும்வரை காத்திருப்பார்கள்.

பேட்டரியைப் பைக்குள் போட்டேன்.

"ஓட வைக்க மாட்டேன் சேர்."

"என்னது?"

"ஓட வைக்க மாட்டேன்."

கிளாக்கரின் மேசையிலிருந்த மழைப் பதிவேட்டை இழுத்தேன். அன்றைய வரியில் இருந்த முப்பத்தொன்றைக் குறுக்கே கோடு கீறி அடித்துவிட்டு எழுதினேன்: "கருவி பழுது. இன்றைய மழை எவ்வளவு என்று தெரியாது. சென்ற வாரம் சரி என்று நான் எழுதியது பிழை." நேரம் போட்டேன். கையெழுத்துப் போட்டேன். வால் சுழிக்க வரவில்லை.

பிறகு வாசலுக்குப் போய் பாக்கியத்தின் டின்னுக்குள் கிளாக்கரின் மில்லிமீற்றர் கோடு போட்ட அடிமட்டத்தை விட்டேன். நேரான சுவருள்ள டின். அதில் எத்தனை உயரம் தண்ணீர் நிற்கிறதோ அத்தனை மழை; பொறியியலாளர்களின் மானியும் அடிப்படையில் அதேதான். நூற்றுப் பதினெட்டு மில்லிமீற்றர்.

"கூரத் தண்ணி விழுந்திருக்கும்," என்றார் சின்னத்துரை.

"கூரையிலருந்து பத்தடி தள்ளி, கல்லு மேல வச்சேங்க. விடியக் காலம ஆறு மணிக்குக் கவுத்துட்டு வச்சேன். ஆடு முட்டாம சுத்திக் கல்லு அடுக்கி வச்சேன். இன்னும் என்னங்க வேணும், டின்னுக்குக் கையெழுத்து வேணுமா?"

சின்னத்துரை தோட்ட நிர்வாகியான பெரிய துரைக்குப் போன் எடுத்துப் பார்த்தார். மழைக்கு லைன் செத்துவிட்டது. போனை வைத்தார். பதிவேட்டைப் பார்த்தார். ஒளிந்துகொள்ள எண் இல்லாத மனிதன் எவ்வளவு தனியாகிவிடுகிறான் என்று அன்றுதான் கண்டேன்.

பெரிய கிளாக்கர் கதிரையை விட்டு எழும்பினார். ஆணியிலிருந்து சாவியைக் கழற்றி மேசை மேல் வைத்தார்.

"சேர், எண் இல்லையெண்டால் சாவியைப் பிடிச்சு வைக்கக் காரணமும் இல்லை."

சின்னத்துரை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. பிளஸ் மூன்றுக்கும் மைனஸ் மூன்றுக்கும் நடுவில் நின்றார். அந்த ஆபீஸில் அவ்வளவு காலமும் அந்த மௌனம் "இல்லை" என்றே எழுதப்பட்டு வந்திருக்கிறது. கிளாக்கர் அன்றைக்கு அதை "ஆம்" என்று எடுத்துக்கொண்டார். சாவியைப் பாக்கியத்தின் டின்னுக்குள் போட்டார். தண்ணீர் தெறித்தது.

பழைய பள்ளிக்கூடத்துக்கு ஏறினார்கள். அரிசி, பாய், கோழி, சாமிப் படம், நடக்க முடியாத ஒரு கிழவரைக் கதிரையோடு தூக்கிக்கொண்டு இரண்டு பேர்.

மலை விழவில்லை.

ஆமாம். அன்றும் விழவில்லை, மறுநாளும் விழவில்லை. மாலையில் மழை தணிந்தது. காலையில் வெயில் எறித்தது. பெரட்டில் சின்னத்துரை, "மல எங்கயும் ஓடிப் போகல, அங்கனயேதான் நிக்குது, போய்க் கும்புட்டுட்டு வேலைக்குப் போங்க," என்று சொன்னாராம். முந்திய நாளுக்கு ஒருவருக்கும் பேர் விழவில்லை. கடைக்கு ஒரு முறைப்பாட்டுக் கடிதம் போனது. முதலாளி என்னைக் கூப்பிட்டு, "ரிப்பேர் பண்ண அனுப்புனா ரிப்பேர் பண்ணனும், புத்தகத்துல கதை எழுதக்கூடாது," என்றார். அந்தத் தோட்டத்து வேலை எங்கள் கைவிட்டுப் போயிற்று. கடைசியாக ஒருமுறை போய் வயரைச் சரிசெய்து முடித்துவிட்டு வரச் சொன்னார்கள்.

மூன்றாம் நாள், வயரைத் தொட்டுக்கொண்டே மலையேறினேன். பாதி வழியில், புதிதாகக் கவ்வாத்து வெட்டிய மலை. கவ்வாத்து என்றால் தேயிலைச் செடியை முழங்காலளவில் தறித்துவிடுவது. மொட்டைச் செடிகளுக்கு நடுவே, ஒரு செடியின் அடியில், வயர் ஒரே வெட்டாகத் துண்டாகி, முறுக்கிக் கட்டப்பட்டிருந்தது. மேலே உரப்பைப் பொலித்தீன். அதன் மேல் சணல், மூன்று முடிச்சு. அக்கறையாகத்தான் கட்டியிருந்தது. உள்ளே செம்பு பச்சையாகப் பூத்திருந்தது. பதினொரு வோல்ட் அதைத் தாண்டியிருக்கும். ஆறு தாண்டவில்லை.

கீழே இறங்கினேன். பாக்கியம் வாசலில் பீலிக் குழாய்த் தண்ணீரில் சட்டி கழுவிக்கொண்டிருந்தாள். உள்ளே அவள் புருஷன் வேலு, என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். மூலையில் கவ்வாத்துக் கத்தி சாத்தியிருந்தது. என் கையிலிருந்த பொலித்தீனை நான் நீட்டவில்லை, மறைக்கவும் இல்லை. அதைப் பார்த்துவிட்டு அவர் தரையைப் பார்த்தார்.

"நாந்தாங்க," என்றார். "வெட்டிப் போட்ட எல கும்பியில வயரு தெரியலங்க. வெட்டுன பொறவுதான் பாத்தேன்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே."

பாக்கியம் சட்டியை வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"சொன்னா ஒரு வாரப் பேரு போயிருமுங்க தம்பி. நாலு பிள்ள. இவரு வந்து அழுவுறாரு, கட்டிட்டேன் புள்ள, நல்லாத்தான் கட்டிட்டேன்னு. எனக்கு நம்பிக்க இல்ல. அன்னைக்கித்தான் டின்ன எடுத்து வெளிய வச்சேன்."

ஆடு முட்டாமல் கல் அடுக்கிய அந்தக் கவனம் எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. எண் பொய் சொல்லும் என்று அந்தத் தோட்டத்தில் முதலிலிருந்தே தெரிந்தவர்கள் இரண்டு பேர். தெரிந்ததைச் சொல்ல வாயில்லை. வயர் அறுந்தது என்று சொல்ல முடியாதவள், தினமும் விடிகாலையில் ஒரு டின்னைக் கவிழ்த்துக் காலியாக்கி வெளியே வைத்து, தன் இருபத்திரண்டு குடும்பத்துக்கும் மழையை எண்ணிக்கொண்டிருந்தாள்.

"மல விழலங்கிறதுக்காக யாரும் நம்மளக் கோவிச்சுக்க ஏலாதுல்ல தம்பி?" என்றாள். கிண்டலா, பயமா என்று எனக்குத் தெரியவில்லை. "விழுந்திருந்தா நம்பியிருப்பாங்க."

இருபது வருடமாக அந்த வாக்கியத்தோடு நான் சண்டை பிடித்துக்கொண்டிருக்கிறேன். நாங்கள் மரியாதையோடு நம்பப்பட, மண் எங்கள் தலையில் விழுந்தாக வேண்டுமா?

வயரை ஒழுங்காகப் பற்றவைத்தேன். கணக்காக அளந்தேன், இணைத்தபடியே. அறிக்கையில் பழுதுக்குக் காரணம் என்ற இடத்தில் எழுதினேன்: "புதிய கம்பியூட்டரின் வோல்ட் பழையதைவிடக் குறைவு, வைத்தபோது அளக்கத் தவறியது நான்." உண்மைதான். முழு உண்மை இல்லை. மிச்சத்தை எழுதியிருந்தால் வேலுவின் ஒரு வாரம் போயிருக்கும். அடுத்த முறை கத்தி படுகிறவன் இன்னும் இறுக்கமாக முடிச்சுப் போட்டிருப்பான். எழுதாமல் விட்டது சரியா என்று கேட்காதீர்கள். மீட்டரில் அதற்கு ஒரு நிலை கிடையாது.

இணைத்தபடியே அளங்கள். மழையிலும் போய் அளங்கள். எண் வரவில்லை என்றால் பூச்சியம் என்று எழுதாதீர்கள், தெரியாது என்று எழுதுங்கள். ஒரு வேலைத்தலத்துக்குள் நுழைந்ததும், "நான்தான் வெட்டினேன்" என்று இங்கே ஒருவன் சொன்னால் அவனுக்கு என்ன நடக்கும் என்று முதலில் விசாரியுங்கள். அங்கே உள்ள எல்லா எண்களின் நம்பகமும் அந்தப் பதிலில் இருக்கிறது.

இன்னொன்று. சில வருடம் கழித்து அந்த ஆபீஸுக்கு வேறொரு வேலையாகப் போனேன். பெரிய கிளாக்கர் வேலையிலிருந்து இளைப்பாறப் போகிற மாதம். சுவரில் அந்த ஆணி வெறுமையாக இருந்தது. சாவிப் பதிவேட்டைத் திறந்து காட்டினார். மாதா மாதம், அவருடைய குண்டு குண்டான எழுத்தில், ஒரே வரி: "பழைய பள்ளிக்கூடச் சாவி கீழ் லயத்திலிருந்து இன்னும் திருப்பித் தரப்படவில்லை. நினைவூட்டப்பட்டது."

"நினைவூட்டினீங்களா ஐயா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஒருக்காலும் இல்லை," என்றார்.